பெர்க்வெர்க் முதல் ஃபியூஜி வரை: நிக்கி லாடாவின் 1976

1976-ம் ஆண்டின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியது இந்த ஆய்வு.

ஆகஸ்ட் 1. மேற்கு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், பெர்க்வெர்க் வளைவுக்கு அருகே, ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் நடப்பு உலக சாம்பியன் நிக்கி லாடாவின் ஃபெராரி இரண்டாவது சுற்றில் மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. கிட்டத்தட்ட ஒரு நிமிடம் அவர் நெருப்புக்குள் இருந்தார். செப்டம்பர் 12. சரியாக 42 நாள் கழித்து, இத்தாலியின் மோன்ஸாவில், ஆறாத புண்களின் மேல் கட்டுப் போட்டுக்கொண்டு பந்தயம் ஓட்டி நான்காவதாக வந்தார். அக்டோபர் 24. இன்னொரு 42 நாள் கழித்து, ஜப்பானின் ஃபியூஜியில் பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்தயம். கொட்டும் மழையில் இரண்டு சுற்று ஓட்டியவர், வண்டியை பிட்டுக்கு (டயர் மாற்ற, பழுதுபார்க்க வண்டிகள் ஒதுங்கும் இடம்) கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் அவருடைய போட்டியாளர் ஜேம்ஸ் ஹண்டிடம் போனது.

முதல் இரண்டு நாட்களையும் வீரகதையாகச் சொல்லாதவர்கள் இல்லை. மூன்றாவது நாளை மட்டும் பலர் ஒரு சறுக்கலாக எழுதிவைத்தார்கள். அந்தப் பார்வை எனக்கு ஏற்புடையதல்ல. மோன்ஸாவில் வண்டியில் ஏறியதற்கும் ஃபியூஜியில் இறங்கியதற்கும் பின்னால் இருந்தது ஒரே கணக்கு. அந்தக் கணக்கை அவர் விபத்துக்கு முன்பே போட ஆரம்பித்துவிட்டார், கடைசிவரை விடவும் இல்லை. லாடாவைப் புரிந்துகொள்ள ஃபியூஜியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கடனில் வாங்கிய இருக்கை

1949 பிப்ரவரி 22-ல் வியன்னாவில் பிறந்தவர் ஆந்திரியாஸ் நிக்கோலாஸ் லாடா. பெரிய வீட்டுப் பிள்ளை. தாத்தா ஹன்ஸ் லாடா ஆஸ்திரியத் தொழிலதிபர்களில் முன்வரிசையில் இருந்தவர். பேரன் கார் பந்தயத்துக்குப் போவதில் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் விருப்பமில்லை. ஒரு வங்கி ஸ்பான்சராக வர ஒப்புக்கொண்டபோது, தாத்தா தன் செல்வாக்கால் அதைத் தடுத்தார். பேரன் தாத்தாவோடு பேச்சை முறித்துக்கொண்டு இன்னொரு வங்கிக்குப் போய்க் கடன் வாங்கினார். ஈடாக வைத்தது ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. பந்தயத்தில் செத்தால்கூட வங்கிக்குப் பணம் வந்துவிடும்.

அந்தப் பணத்தில்தான் மார்ச் அணியில் இடம் வாங்கினார். 1972 முழுக்க மோசமான வண்டி, ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கையில் கடன் மட்டும் மிச்சம். கடனை அடைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, இன்னும் வேகமாக ஓட்டுவது. 1973-ல் பிஆர்எம் அணிக்குப் போனதும் பணம் கட்டித்தான். அங்கே கூட ஓட்டிய கிளே ரெகாசோனி மறு ஆண்டு ஃபெராரிக்குத் திரும்பியபோது, இந்தப் பையனையும் கூப்பிடுங்கள் என்று அணியின் நிறுவனர் என்சோ ஃபெராரியிடம் சொன்னார்.

ஃபெராரியில் நடந்த முதல் சோதனை ஓட்டத்தைப் பற்றி லாடாவே பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு. ஓட்டிவிட்டு வந்தவரிடம் வண்டி எப்படி என்று என்சோ கேட்கிறார். மோசம் என்கிறார் லாடா. மொழிபெயர்க்க நின்றிருந்த என்சோவின் மகன் பியரோ, அதை அப்படியே சொல்ல முடியாது என்று தயங்குகிறார். சரி, வளைவில் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று சொல், முன்பக்க சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும் என்கிறார் லாடா. மாற்றினால் எவ்வளவு வேகம் கூடும் என்று கிழவர் கேட்க, அரை விநாடி என்று பதில் வருகிறது. ஒரு வாரம் தருகிறேன், அந்த அரை விநாடி வராவிட்டால் நீ வெளியே என்கிறார் என்சோ. அரை விநாடி வந்தது.

வண்டியின் குறையை முகத்துக்கு நேரே சொல்வது, சொன்னதற்கு ஓர் எண்ணைக் கொடுப்பது, அந்த எண்ணுக்குத் தானே பொறுப்பேற்பது. 25 வயதுகூட நிரம்பாத இளைஞரிடம் இது மூன்றும் இருந்தது. பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரியும் லாடாவும் ஃபியோரானோ சோதனைத் தடத்தில் நாள் கணக்காக உழைத்தார்கள். 1974-ல் ஸ்பெயினின் ஹராமாவில் லாடாவுக்கு முதல் வெற்றி. 1975-ல் 312டி வண்டியில் ஐந்து வெற்றிகள், உலகப் பட்டம். 1964-ல் ஜான் சர்டீஸ் ஜெயித்த பிறகு ஃபெராரிக்கு ஓட்டுநர் பட்டம் கிடைத்தது அப்போதுதான்.

அந்தத் தடம்

நூர்பர்க்ரிங் 1927-ல் திறக்கப்பட்டது. ஐஃபெல் மலைக்காட்டுக்குள் ஏறி இறங்கி, 150-க்கும் மேற்பட்ட வளைவுகளோடு, ஒரு சுற்றே 22.8 கிலோமீட்டர். ஒரு முனையில் வெயில் அடிக்கும்போது இன்னொரு முனையில் மழை பெய்யும். ஜாக்கி ஸ்டூவர்ட் இதைப் பச்சை நரகம் என்றார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1970-ல் ஓட்டுநர்கள் இங்கே ஓட்ட மறுத்ததால் பந்தயம் ஹோக்கன்ஹைமுக்குப் போனது. தடுப்பு வேலிகள் போட்டு, மேடு பள்ளங்களைக் குறைத்த பிறகு அடுத்த ஆண்டே திரும்பி வந்தது.

வேலி போட்டாலும் நீளம் குறையவில்லையே. பிரச்சினையின் வேர் அங்கேதான். சாதாரணத் தடம் என்றால் நான்கைந்து கிலோமீட்டர்; மார்ஷல்கள் (தடத்தோரப் பாதுகாப்பு ஆட்கள்), தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்திவிடலாம். 22.8 கிலோமீட்டருக்கு அதே அடர்த்தியில் ஆளும் கருவியும் வேண்டுமென்றால் நான்கைந்து மடங்கு வேண்டும். அது நூர்பர்க்ரிங்கில் இல்லை.

இதை லாடா 1976 பந்தயத்துக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னார். தீயணைக்கும் ஆட்கள் போதாது, மீட்பு வண்டிகள் போதாது, இந்த ஆண்டு ஓட்ட வேண்டாம் என்று சக ஓட்டுநர்களிடம் கேட்டார். வாக்கெடுப்பில் பெரும்பாலோர் ஓட்டுவோம் என்றார்கள். பயந்துவிட்டார் என்று ஜெர்மன் பார்வையாளர்கள் சிலர் பேசினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1975 தகுதிச் சுற்றில், இதே தடத்தை 6 நிமிடம் 58.6 விநாடியில் சுற்றி வந்தவர் அவர். ஏழு நிமிடத்துக்குள் அதைச் சுற்றிய முதல் மனிதர். அங்கே எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவரே அங்கே ஓட்டக் கூடாது என்று சொன்னார் என்றால், அந்த வார்த்தைக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்க வேண்டும்! கொடுக்கவில்லை.

வாக்கெடுப்பில் தோற்றதும் அவர் ஓட்டினார். இதை முரண்பாடாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நிறுத்த முயன்றார், முடியவில்லை. பட்டப் போட்டியில் இருக்கிற தொழில்முறை ஓட்டுநர் ஒருவர் தனியாக ஒதுங்கினால் தடம் மாறிவிடாது.

பெர்க்வெர்க்கில் நடந்தது

பந்தய நாளன்று தடத்தின் ஒரு பகுதி ஈரம், ஒரு பகுதி காய்ந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ எல்லோரும் மழை டயரில் கிளம்பினார்கள். மெக்லாரனின் யோகன் மாஸ் மட்டும் துணிந்து, காய்ந்த தடத்துக்கான வழவழப்பான ஸ்லிக் டயரில் கிளம்பினார், அவர் கணிப்புதான் பலித்தது. முதல் சுற்று முடிந்ததும் லாடா உட்படப் பலர் பிட்டுக்குள் வந்து ஸ்லிக் மாற்றிக்கொண்டார்கள். அந்த நிறுத்தத்தில் பின்தங்கிய லாடா, இழந்த இடங்களைப் பிடிக்க வேகமெடுத்தார்.

பெர்க்வெர்க் வளைவுக்கு முன்னால் லேசான இடது திருப்பம் ஒன்று. முழு வேகத்தில் போகிற இடம். ஃபெராரி சட்டென்று வலப்பக்கம் பாய்ந்து, வேலியைக் கிழித்து மண்மேட்டில் மோதி, எரிந்துகொண்டே தடத்தின் நடுவுக்குத் திரும்பி வந்தது. பின்னால் வந்த கை எட்வர்ட்ஸ் எப்படியோ தப்பினார். அமெரிக்கர் பிரெட் லங்கரால் முடியவில்லை, அவருடைய சர்டீஸ் அணி வண்டி ஃபெராரியில் மோதியது. ஹரால்ட் எர்ட்லும் வந்து மோதினார். லாடாவின் ஹெல்மெட் எப்போதோ கழன்று போயிருந்தது.

தொலைக்காட்சி கேமரா எதுவும் அங்கே இல்லை. பார்வையாளர் ஒருவரின் சின்னக் கேமராவில் பதிவான துண்டுப் படம்தான் இன்று நாம் பார்ப்பது. 22.8 கிலோமீட்டருக்குக் கேமரா வைக்க முடியாத இடத்தில் ஆம்புலன்ஸ் மட்டும் எப்படி வைத்திருப்பார்கள்?

எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்ல் மூவரும் இறங்கி ஓடினார்கள். நான்காவதாக வந்தவர் இத்தாலியர் ஆர்துரோ மெர்ஸாரியோ. இவர் முன்பு ஃபெராரியில் ஓட்டியவர், அந்த வண்டியின் இருக்கைப் பட்டை எப்படிப் பூட்டியிருக்கும் என்று கைக்குத் தெரிந்தவர். நெருப்புக்குள் குனிந்து கொக்கியைத் தேடினார். ஆனால் கழற்ற முடியவில்லை. உள்ளே லாடா தப்பிக்கத் துடித்து, உடம்பை மேலே மேலே உந்திக்கொண்டிருந்தார். அந்த இழுவையில் பட்டை விறைத்து, கொக்கி இறுகிப்போயிருந்தது. லாடா நினைவிழந்து உடல் தளர்ந்த பிறகுதான் பட்டை தளர்ந்தது, கொக்கியும் விடுபட்டது. மெர்ஸாரியோ பிறகு பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். லங்கர் மேலே ஏறி நின்று தோள்களைப் பிடித்துத் தூக்க, எல்லோருமாக வெளியே இழுத்துப் போட்டார்கள்.

இந்த நால்வரும் அன்று போட்டியாளர்கள். தீயணைப்பு உடை போட்ட மீட்புக் குழு வந்து இவர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1973-ல், நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் ரோஜர் வில்லியம்சன் கவிழ்ந்த வண்டிக்குள் சிக்கிக்கொண்டபோது டேவிட் பர்லி என்ற ஒரே ஓட்டுநர்தான் இறங்கி ஓடினார். மார்ஷல்களிடம் நெருப்பைத் தாங்கும் உடை இல்லை. மற்ற ஓட்டுநர்கள், எரியும் வண்டியின் ஓட்டுநர்தான் வெளியே நிற்கிறார் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். லாடாவும் அந்தப் பந்தயத்தில் ஓட்டினார். வில்லியம்சன் மூச்சுத்திணறி இறந்தார். நூர்பர்க்ரிங்கில் லாடா பிழைத்ததற்குக் காரணம் அந்தத் தடத்தின் ஏற்பாடு அல்ல. அந்த நான்கு பேர் அந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள், நின்றார்கள். எட்வர்ட்ஸுக்குப் பின்னர் பிரிட்டன் அரசின் வீரப் பதக்கம் கிடைத்தது.

பந்தயம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியது, ஹண்ட் ஜெயித்தார். நியூசிலாந்தின் கிறிஸ் ஏமன் மட்டும் மறுபடி ஓட்ட மறுத்துவிட்டார். உதவி எவ்வளவு தாமதமாக வந்தது என்று கண்ணால் பார்த்தவர் அவர். அணி அவரை நீக்கியது.

ஏன் விலகியது?

ஃபெராரி 312டி2 வலப்பக்கம் பாய்ந்தது ஏன் என்பதற்கு ஐயமறத் தீர்ப்பு இன்றுவரை இல்லை. பின்பக்க சஸ்பென்ஷனில் ஏதோ முறிந்தது என்பது பரவலான கருத்து. படத்தைப் பார்த்தால், சறுக்கிய வண்டியைப் போல அது மெல்ல நழுவவில்லை, திடீரென வெட்டித் திரும்புகிறது. ஃபெராரி அதை ஒப்புக்கொண்டதில்லை. டயர் இன்னும் சூடேறவில்லை, ஈரமான ஓரத்தில் சக்கரம் ஏறியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. லாடாவுக்கு விபத்து நினைவிலேயே இல்லை. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இந்த விபத்தில் மோதலைவிட நெருப்புக்குள் இருந்த அந்த ஒரு நிமிடம்தான் கொல்லப் பார்த்தது. அந்த நிமிடத்துக்கான காரணத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. அதை அவர் முன்கூட்டியே எண்ணிச் சொல்லியிருந்தார்.

மருத்துவமனை

வெளியே எடுத்தபோது லாடா பேசினார். முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். தோல் கருகியிருந்தாலும் உயிருக்கு ஆபத்து வெளியில் இல்லை, உள்ளே இருந்தது. எரியும் பெட்ரோலும் கண்ணாடியிழையும் கக்கிய சூடான நச்சுப் புகையை அவர் உள்ளிழுத்திருந்தார். அடெனாவில் முதலுதவி, லுட்விக்ஸ்ஹாஃபனில் தீக்காயப் பிரிவு, அப்புறம் மான்ஹைமில் தீவிர சிகிச்சை. நுரையீரலுக்குள் குழாய் விட்டு, சேர்ந்துகிடந்ததை உறிஞ்சி எடுத்தார்கள். வேதனையான காரியம். அளவுக்கு மேல் செய்தால் அதுவே ஆபத்து. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது.

பாதிரியார் வந்து, சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான ஜெபத்தைச் சொன்னார். லாடாவுக்குக் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்று கோபம் வந்ததாகவும், மூளையை விழிப்பாக வைத்திருக்க அறையில் கேட்ட குரல்களை இறுக்கப் பிடித்துக்கொண்டதாகவும் பின்னாளில் சொன்னார்.

வலது காதின் பெரும்பகுதி போயிருந்தது. இமைகள் எரிந்திருந்தன. வேறிடத்துத் தோலை எடுத்துத் தைத்தார்கள். கண்ணை முழுதாக மூட முடியவில்லை, கண்ணீர்ப் பாதையும் சரியாக வேலை செய்யவில்லை. இந்தக் கண் விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபியூஜியில் மறுபடி வரும்.

உடலைத் தேற்றியவர் உடற்பயிற்சியாளர் வில்லி டுங்கல். அதே ஆண்டு வசந்தத்தில் வீட்டு நிலத்தில் டிராக்டர் கவிழ்ந்து லாடாவின் விலா எலும்பு முறிந்தபோதும் அவர்தான் வந்து தேற்றினார்.

மோன்ஸா: இரண்டு புள்ளி

ஏன் இவ்வளவு அவசரமாகத் திரும்பினார்? புள்ளிக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். நூர்பர்க்ரிங்குக்கு முன் லாடா 58, ஹண்ட் 35. லாடா படுக்கையில் கிடந்தபோது ஹண்ட் ஜெர்மனியில் ஜெயித்தார், ஆஸ்திரியாவில் நான்காவது வந்தார், நெதர்லாந்தில் ஜெயித்தார். 56 ஆகிவிட்டது. இடைவெளி இரண்டே புள்ளி. (பிரிட்டிஷ் பந்தயம் பற்றிய ஃபெராரியின் முறையீடு நிலுவையில் இருந்தது. மோன்ஸாவுக்குப் பிறகு அது லாடாவுக்குச் சாதகமாக முடிந்தது: ஹண்டின் அந்த வெற்றி லாடாவுக்குப் போனது, ஹண்டுக்கு 9 புள்ளி குறைந்தது, லாடாவுக்கு 3 கூடியது.) ஃபெராரியோ கார்லோஸ் ராய்ட்டமனை ஒப்பந்தம் செய்துவிட்டது. மோன்ஸாவில் மூன்று சிவப்பு வண்டிகள் நின்றன. தன் இடம் கையைவிட்டுப் போகிறது என்று லாடாவுக்குப் புரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில், ஈரத் தடத்தில், பயம் அவரை அப்படியே முடக்கிவிட்டது. அதை அவர் பின்னர் மறைக்கவில்லை. அன்று மாலை, என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்று தனக்குள் பிரித்துப் பார்த்தார். மறுநாள், வேகத்தைப் பற்றியே நினைக்காமல் ஓட்டத் தொடங்கினார். மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு இன்னும் கொஞ்சம். கிரிட்டில், அதாவது தொடக்க வரிசையில், ஐந்தாம் இடம் கிடைத்தது. மூன்று ஃபெராரி ஓட்டுநர்களில் அவர்தான் வேகம்.

பந்தயத்தில் நான்காவது. மூன்று புள்ளி. ஹெல்மெட்டைக் கழற்றும்போது ரத்தத்தில் நனைந்த கட்டு புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஹண்ட் அன்று பாதியில் வெளியேறினார்.

இதைப் பித்துப் பிடித்த துணிச்சல் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மருத்துவச் சோதனையில் தேறினார். பயத்தை எடைபோட்டார். தன்னால் முடிந்த வேகத்துக்கு ஒரு கோடு கிழித்து, அதற்குள் ஓட்டினார். அபாயம் இருந்தது, ஆனால் அளவு தெரிந்த அபாயம்.

ஃபியூஜி: இரண்டு சுற்று

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஹண்ட் அடுத்தடுத்து ஜெயித்தார். லாடாவுக்கு அமெரிக்காவில் மூன்றாம் இடம் மட்டும். ஜப்பானுக்கு வரும்போது லாடா 68, ஹண்ட் 65. லாடாவுக்குப் புள்ளி எதுவும் கிடைக்காவிட்டால் ஹண்டுக்கு மூன்றாம் இடம், அதாவது நான்கு புள்ளி, போதும்.

பந்தய நாளன்று விடாத மழை, மூடுபனி, தடத்தில் ஓடையாய்த் தண்ணீர். ஓட்டலாமா வேண்டாமா என்று நேரம் கடந்துகொண்டே போனது. உலகமெங்கும் தொலைக்காட்சி காத்திருந்தது. மாலை இருட்டத் தொடங்கும் முன் நடத்தியாக வேண்டும் என்று ஒருவழியாகக் கொடியசைத்தார்கள்.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து அதை நினைத்துப் பாருங்கள். முன்னால் போகும் அகல டயர்கள் வாரி இறைக்கும் நீர்த்திரையில் முன் வண்டியே தெரியாது. இது எல்லோருக்கும். லாடாவுக்கோ இமை சரியாக மூடாது, கண் சிமிட்டித் தெளிவாக்க வழியில்லை. மோன்ஸாவில் அவர் கணக்குப் போட முடிந்தது, ஏனென்றால் தடம் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே கணக்குப் போட எதுவும் தெரியவில்லை. இரண்டாவது சுற்று முடிவில் பிட்டுக்குள் வந்தார்.

ஃபோர்கியேரி குனிந்து, இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அந்தச் சாக்கை ஏற்றிருந்தால் இத்தாலியப் பத்திரிகைகளும் ரசிகர்களும் இன்ஜினைத் திட்டியிருப்பார்கள், அவரைக் கொண்டாடியிருப்பார்கள். லாடா மறுத்தார். வண்டி நன்றாக இருக்கிறது, இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம், அதனால் நிறுத்தினேன் என்பதையே எல்லோரிடமும் சொன்னார்.

எமர்சன் ஃபிட்டிபால்டி, கார்லோஸ் பாச்சே, லாரி பெர்கின்ஸ் மூவரும் அதே போல ஒதுங்கினார்கள். ஃபிட்டிபால்டி இரண்டு முறை உலக சாம்பியன். பிறகு மழை விட்டது, தடம் காயத் தொடங்கியது. டயர் தேய்ந்து, கடைசி நேரத்தில் பிட்டுக்குப் போய், என்ன இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் ஓட்டிய ஹண்ட் மூன்றாவதாக வந்தார். 69-க்கு 68.

மழை விடும் என்று தெரிந்திருந்தால் பொறுத்திருக்கலாமே என்று கேட்கலாம். பின்னால் வந்த வெயிலை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடைபோடக் கூடாது. அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது என்ன என்பதுதான் அளவுகோல். நூர்பர்க்ரிங்கில் அவர் ஓட்ட வேண்டாம் என்றபோது முடிவு வாக்கெடுப்பின் கையில் இருந்தது. ஃபியூஜியில் முடிவு அவர் கையில் இருந்தது. அவர் வாழ்வில் ஆகப் பெரிய துணிச்சலாக நான் இதைத்தான் வைப்பேன். மோன்ஸாவுக்கு ஊரே கைதட்டியது. இங்கே அவர் பக்கம் நிற்க ஆளில்லை. என்சோ ஃபெராரிக்கும் அவருக்கும் இடையில் விழுந்த விரிசல் கடைசிவரை முழுதாக ஒட்டவில்லை.

தடத்தில் மாறியவை, மாறாதவை

நூர்பர்க்ரிங்கின் பழைய தடத்தில் அதன்பின் ஃபார்முலா 1 நடக்கவில்லை. ஜெர்மன் பந்தயம் 1977-ல் ஹோக்கன்ஹைமுக்குப் போனது. பழைய தடத்துக்குப் பக்கத்தில் 4.5 கிலோமீட்டரில் புதிய தடம் 1984-ல் வந்தது.

மீட்பு ஏற்பாடு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1978-ல் மருத்துவர் சிட் வாட்கின்ஸ் ஃபார்முலா 1-க்கு வந்தார். அதே ஆண்டு மோன்ஸாவில் ரோனி பீட்டர்சனின் வண்டி தீப்பிடித்தபோது, இழுத்துப் போட்டவர்கள் மறுபடியும் ஓட்டுநர்கள்தான், ஹண்டும் அவர்களில் ஒருவர். ஆம்புலன்ஸ் வர நெடுநேரமானது, மறுநாள் பீட்டர்சன் இறந்தார். முதல் சுற்றில் வண்டிகளின் பின்னாலேயே மருத்துவக் கார் போக வேண்டும் என்று வாட்கின்ஸ் அதன்பிறகுதான் சாதித்தார். பெர்க்வெர்க்கிலேயே கற்றிருக்க வேண்டிய பாடம் அது. இன்னோர் உயிர் போகும்வரை காத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

பிறகு

1977-ல் லாடா மூன்று பந்தயங்களில் ஜெயித்து இரண்டாவது பட்டத்தைக் கைப்பற்றினார். பட்டம் உறுதியான கையோடு, சீசன் முடியும் முன்பே ஃபெராரியிலிருந்து வெளியேறினார். பிரபாம் அணியில் இரண்டு ஆண்டு. 1979-ல் மாண்ட்ரியல் பயிற்சியின் நடுவே போதும் என்று கிளம்பி, விமான நிறுவனம் தொடங்கினார். 1982-ல் மெக்லாரனில் திரும்பி வந்து மூன்றாவது பந்தயத்திலேயே, லாங் பீச்சில், ஜெயித்தார்.

அந்த ஆண்டின் முதல் பந்தயத்துக்கு முன், தென்னாப்பிரிக்காவின் கியாலமியில், ஓட்டுநர்களைக் கட்டிப்போடும் புதிய உரிம நிபந்தனைகளை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்களில் லாடா முக்கியமானவர். எல்லோரையும் பேருந்தில் ஏற்றி ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோய், ஒரே கூடத்தில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தார்கள். ஓட்டுநர் எலியோ டி ஆஞ்சலிஸ் பியானோ வாசித்தார். தனித்தனியாகப் பேசினால் அணி முதலாளிகள் ஒவ்வொருவராக உடைத்துவிடுவார்கள் என்பது லாடாவுக்குத் தெரியும். 1976 வாக்கெடுப்பில் தோற்ற அனுபவம் இதில் இருந்தது என்பது என் ஊகம்.

1984-ல் மூன்றாவது பட்டம். அணித்தோழர் ஆலன் ப்ரோஸ்ட் ஏழு பந்தயங்களில் ஜெயித்தார், லாடா ஐந்தில். போர்ச்சுகலின் எஸ்டோரிலில் கடைசிப் பந்தயத்தை 11-வது இடத்திலிருந்து தொடங்கி இரண்டாவதாக வந்த லாடாவுக்கு 72 புள்ளி, ப்ரோஸ்டுக்கு 71.5. மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட மொனாக்கோ பந்தயத்துக்குப் பாதிப் புள்ளியே கொடுத்ததில் வந்த அரைப் புள்ளி அது. ஃபியூஜி மழையில் ஒரு புள்ளியில் இழந்தவருக்கு இன்னொரு மழை அரைப் புள்ளியில் கொடுத்தது. 1985 முடிவில் நிரந்தரமாக ஓய்வு. மொத்தம் 25 வெற்றிகள்.

லாடா ஏர் 004

இந்த ஆய்வை 1985-ல் நிறுத்திவிடலாம். ஆனால் 1991 மே 26-ஐ விட்டால் மனிதர் பாதிதான் தெரிவார்.

அன்றிரவு பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பிய லாடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767, தாய்லாந்தின் சுபன்புரி மாநிலக் காட்டில் விழுந்தது. 223 பேரும் இறந்தார்கள். லாடா நேரே அங்கே போனார். சிதறிய பாகங்களுக்கு நடுவே நடந்தார், உறவினர்களைச் சந்தித்தார். தவறு தன் நிறுவனத்துடையது என்றால் விமான சேவையையே நிறுத்திவிடுவேன் என்றார்.

தரையிறங்கிய பின் வேகத்தைக் குறைக்க, இன்ஜினின் உந்துதலை முன்பக்கம் திருப்பிவிடும் அமைப்பு ஒன்று உண்டு. வானில் ஏறிக்கொண்டிருந்தபோது இடது இன்ஜினில் அது தானாகத் திறந்துகொண்டது என்று தெரியவந்தது. அப்படித் திறந்தாலும் விமானிகள் சமாளித்துவிடலாம் என்பது அதுவரை இருந்த நம்பிக்கை, குறைந்த வேகத்தில் செய்த சோதனைகளை வைத்து வந்த நம்பிக்கை. லாடா தானே விமான ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தவர். சிமுலேட்டரில் உட்கார்ந்து அதே நிலையைத் திரும்பத் திரும்ப முயன்றார். ஒருமுறைகூட விமானத்தை மீட்க முடியவில்லை. சமாளிக்க முடியும் என்றால் நிஜ விமானத்தில் செய்து காட்டுங்கள், நானும் அதில் வருகிறேன் என்று போயிங்கிடம் சொன்னார். லாடா ஏர் விமானிகள் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை என்பதைப் போயிங் வெளிப்படையாக அறிவிக்கும்வரை அவர் விடவில்லை.

பெர்க்வெர்க்கில் தன் வண்டி ஏன் விலகியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இறந்த 223 பேரின் குடும்பங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தாய்லாந்து அரசின் விசாரணையும் அதே காரணத்தைத்தான் பதிவு செய்தது. பறக்கும்போது அந்த அமைப்பு திறந்துகொள்ளாமல் தடுக்கக் கூடுதல் பூட்டு ஒன்று விமானங்களில் பொருத்தப்பட்டது.

சொந்தச் சகோதரரிடமிருந்து 1997-லும், பின்னாளில் மனைவியான பிர்கிட்டிடமிருந்து 2005-லும் அவருக்குச் சிறுநீரகம் கிடைத்தது. 2012-ல் மெர்சிடிஸ் அணியின் தலைவராகச் சேர்ந்து, லூயிஸ் ஹாமில்டனை அங்கே வரவழைத்ததில் பெரும்பங்கு ஆற்றினார். 2018 ஆகஸ்டில் வியன்னாவில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதை 1976-ன் புகையோடு நேராக முடிச்சுப் போட எனக்கு மனமில்லை, இடையில் 42 ஆண்டுகள் இருக்கின்றன. 2019 மே 20-ல் தன் 70-வது வயதில் இறந்தார்.